கோகிலவாணிக்கு உப்பு ஆகாது

அந்தப் பையைச் சித்த அக்கட்ட நவுத்திக்கிறீங்ளா? ஆ, போதுமுங்ணா. தாராபுரமா? நானும் அங்கதான் எறங்கறேன். அங்க இருந்து மூலனூர் வண்டி புடிக்கோணும். மாமனார் வீடுங்க. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன்.

முறுக்கா? குடுங்க, ஒண்ணு எடுத்துக்கறேன். நல்லாருக்குது, வெண்ணெய் போட்டுச் சுட்டிருக்கறாங்க. இதை என்ற சம்சாரத்துகிட்ட நீட்டுனீங்கன்னு வைங்க, மூஞ்சியைத் திருப்பிக்குவா. அப்படிப் பழக்கி வெச்சிருக்கறேன்.

ஆடிக்குப் போனவங்ணா. புதுப்பொண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது வழக்கந்தானுங்ளே, நானும் செரி போயிட்டு வான்னு அனுப்பிச்சேன். ஆடி முடிஞ்சு ஆவணியும் பாதிக்கு மேல ஓடிப் போச்சு, அனுப்ப மாட்டேங்கறாங்க. போன் பண்ணுனா மச்சினன் எடுத்து வாய்க்கு வந்தபடி பேசறான். எங்க புள்ளையை எலும்புக்கூடா ஆக்கிட்டே, ஊருக்குள்ள வந்துறாதேங்கறான். நானும் கம்முனு இருந்தேன். நமக்கும் ரோசம் இருக்குதில்லைங்ளா. இன்னிக்குக் காத்தால அதே வீட்டுல இருந்து போன் வருது. மாமியாரு. அழுவறாங்க. ‘மாப்ளை, அவரு சொன்னாத்தான் சாப்பிடுவேன்னு கெடக்கறா. வெறும் தண்ணிதான் உள்ள போகுது. இன்னமும் இப்படியே கெடந்தா புள்ளை பொழைக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ளை’ன்னு.

பாத்தீங்ளா? மொதல்ல என்ன பேச்சுப் பேசுனாங்க, இப்ப எங்க வந்து நிக்கறாங்க. எனக்கு அந்தப் போனை வெச்சதும் மனசு நெறஞ்சு போச்சுங்ணா. பொய் சொல்லக் கூடாது, கண்ணு கலங்கிருச்சு. உடனே சட்டையை மாத்திட்டுக் கெளம்பிட்டேன்.

என்னது, ஏன் சாப்பிடறதில்லையா? அது பெரிய கதை. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்களும் பொண்டாட்டி புள்ளைன்னு இருக்கறவரு, புரிஞ்சுக்குவீங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசருங்ணா. பூபதின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். தைச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் ட்யூப்லைட்டுக்கு நேரா விரிச்சு, கையை உள்ள விட்டு இழுத்து, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதா, நூல் விட்டிருக்குதான்னு பாக்கோணும். நல்லா இருந்தா பாஸ், இல்லாட்டி ஒதுக்கிப் போட்ரோணும். மத்தவங்க கண்ணுல மண்ணைத் தூவலாம், என்ற கண்ணுக்கு ஒரு சின்னப் பொத்தல்கூட தப்பாது. ஓனரே சொல்லுவாரு, பூபதி பாத்துட்டான்னா அந்தச் சரக்கைக் கண்ணை மூடிக்கிட்டுக் கப்பல்ல ஏத்தலாமுன்னு.

தை மாசம் கல்யாணமுங்க. கோகிலவாணின்னு பேரு. நல்லாப் பூசுனாப்ல இருப்பா. சிரிச்சான்னா கன்னத்துல குழி விழும். என்ற அம்மாளுக்கு அவளைப் பாத்ததும் புடிச்சுப் போச்சு, எனக்கும் அப்படித்தான். ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியலீங்ணா. நான் கம்பெனி விட்டு வந்தா அரிசிம்பருப்பு ஆக்கி, அது மேல நெய்யை ஊத்தி, ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். அவளுக்கு வயிறு நெறஞ்சா பாட்டு வந்துரும். பாத்திரம் கழுவிக்கிட்டே பாடுவா. அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும்.

பங்குனியில ஒரு ஆர்டர் வந்துச்சு. வெளிநாட்டுப் பொம்பளைங்க போடற லெக்கின்ஸ். சாதா லெக்கின்ஸ் இல்லை. துணிக்குள்ள புடைப்புப் புடைப்பா ஒரு நெசவு, அதைப் போட்டுட்டு நடந்தா தொடையைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே இருக்குமாமா. கூடவே ஒரு நோட்டீசு. அதுல ரெண்டு காலு படம். ஒண்ணு குழிகுழியா, கமலாப்பழத் தோலாட்டம். இன்னொண்ணு வழவழன்னு. இதென்னம்மான்னு ஆபீசுல இருக்கற ஷீபாவைக் கேட்டேன். அந்தப் பொண்ணுதான் வெளிநாட்டுக்காரங்ககூடப் பேசறது. ‘அது செல்லுலைட்டுங்க சார். தோலுக்கு அடியில கொழுப்பு திட்டுத்திட்டா நின்னுக்கும். பொம்பளைங்களுக்குத்தான் வரும்’னு சொல்லுச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

உள்ளதைச் சொல்றேன், அது வரைக்கும் என்ற கண்ணுல அது படவே இல்லீங்ணா. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திட்டு லைட்டைப் போட்டேன். சித்த நில்லுன்னேன். என்னுங்க இதுன்னு அவ வெக்கப்படறா. திரும்புன்னேன். திரும்புனா. நோட்டீசுல பாத்தது அப்படியே இருக்குது. ரெண்டு தொடையிலும், பின்னாடி. விரலை வெச்சு இழுத்தா மறையுது, விட்டா வந்துருது.

அவ என்ன பண்ணுனாங்கறீங்க? சிரிச்சா. ‘இதுங்ளா? எங்கம்மாளுக்கும் இருக்குது, எங்க சின்னம்மாளுக்கும் இருக்குது. பொம்பளைங்களுக்கு இருக்கறதுதானுங்க’ன்னா. எவ்வளவு சாதாரணமாச் சொல்றா பாருங்க. தனக்கு ஒரு கொறை இருக்குதுன்னுகூட இத்தனை வருசமாத் தெரியாம இருந்திருக்கறா. அவங்க வீட்டுல யாரும் எடுத்துச் சொல்லலை. நானாச்சும் சொல்லோணுமில்லைங்ளா? வேற யாரு சொல்லுவாங்க?

சீலைக்குள்ள இருக்கறதை யாரு பாக்கப் போறாங்கன்னா கேக்கறீங்க. நான் பாக்கறேனில்லீங்ளா.

அன்னில இருந்து நான் பட்ட பாடு இருக்குதே, எந்தப் புருசனும் பட மாட்டான். செல்போன்ல பாத்தேன், ஷீபாவைக் கேட்டேன், கம்பெனிக்கு வர்ற மருந்துக்கடைப் பையனைக் கேட்டேன். உப்பு ஆகாது, உப்பு தண்ணியைப் புடிச்சு வெச்சுத் தோலை வீங்க வெச்சிரும். சக்கரை ஆகாது. அரிசி, மைதா, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் ஆகாது. தண்ணி மட்டும் குடம் குடமாக் குடிக்கோணும். ஒரே எடத்துல உக்காரக் கூடாது, ஏறி எறங்கோணும். எல்லாத்தையும் நானே பண்ணிக் குடுத்தேன். காத்தால வெள்ளனே எந்திரிச்சு வெண்பூசணியை அரைச்சுச் சாறு எடுப்பேன். கொள்ளை வேக வெச்சு வெறும் தண்ணியை வடிச்சுக் குடுப்பேன். பீர்க்கங்கா நாரை எடுத்துக் கணுக்கால்ல இருந்து மேல தொடை வரைக்கும் தேய்ச்சு விடுவேன், ரத்தம் ஓடோணுமில்ல. அப்பறம் காப்பித்தூளைத் தேங்கா எண்ணெயில கொழைச்சுப் பூசி விடுவேன். கீழ உக்காந்து பொண்டாட்டி காலைப் புடிச்சுத் தேய்ச்சு விடறவன் எத்தனை பேருங்ணா இருப்பான் இந்த ஊர்ல? நீங்க தேய்ச்சு விட்டிருக்கறீங்ளா? சொல்லுங்க. அதான்.

தோலு செவந்து போயி எரியுதுங்கன்னு சொல்லுவா. எரிஞ்சாத்தான் கொழுப்புக் கரையுதுன்னு அர்த்தமுன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் அழுவா, அப்பறம் செரியாயிருவா.

மொதல்ல அவளுக்கும் ஒரு ஆர்வம் இருந்துச்சு. காலையில ஏரி வரைக்கும் நடந்துட்டு வருவோம், அவளும் சந்தோசமாத்தான் வருவா. சோத்தைக் கொறைச்சப்பறந்தான் மக்கர் பண்ண ஆரம்பிச்சா. தலை சுத்துதுங்கறா. மாடிப்படி ஏறச் சொன்னா பாதியில உக்காந்துக்கறா. என்ற அம்மாளும் அவளுக்கு ஒத்து ஊதுச்சு. நான் கம்பெனிக்குப் போனதும் ரசஞ்சோத்தைப் பெசைஞ்சு உருட்டிக் குடுத்திருக்குது. தட்டைக் கழுவி வெச்சாலும் எனக்குத் தெரியாமப் போகுமா? நான் செக்கிங்காரன். புளி வாசம் தட்டுல இருந்தா மூக்குக்குத் தெரியும். அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், இனிமே நீ அவ தட்டுல கையை வெச்சீன்னா எனக்கும் உனக்கும் பேச்சே இல்லைன்னு.

ஒரு நாளு மத்தியானம் எதையோ மறந்துட்டு வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டுல நிக்கறா. அரிசி டப்பாவுக்குள்ள கை. வாயில பச்சரிசி. என்னைப் பாத்ததும் மெல்லவும் முடியலை, துப்பவும் முடியலை. கை நீட்டுற பழக்கமெல்லாம் நம்மகிட்டக் கெடையாது, கல்யாணமான நாள்ல இருந்து ஒரு அடி அடிச்சதில்லை. அரிசி அள்ளுன கையோட அப்படியே நின்னவளை லைட்டுக்கு முன்னாடி நிறுத்தி, செல்போன்ல தொடையைப் போட்டோ எடுத்துக் காட்டுனேன். இதுக்காடி நான் காத்தால எந்திரிச்சுப் பாடுபடறேன்னு கேட்டேன். அவ என்ற காலைப் புடிச்சுக்கிட்டு, இனிமே உங்களைக் கேக்காம எதையும் வாயில வெக்க மாட்டேனுங்கன்னு சொன்னா.

அந்த வாக்கைக் காப்பாத்துனா பாருங்க, அங்கதான் எனக்கு அவ மேல மரியாதையே வந்துச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணுவா. ‘ஏனுங்க, ஒரு வாழப்பழம் சாப்பிடட்டுங்ளா?’ ‘பாதி சாப்பிடு.’ ‘செரிங்க.’ அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறவனெல்லாம் கிண்டல் பண்ணுவானுங்க, பூபதி குடுத்து வெச்சவன்டா, எங்க வீட்டுல பொண்டாட்டி சொன்னாத்தான் எங்களுக்குச் சோறுன்னு. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான பொண்ணு.

வைகாசியில ஒண்ணு நடந்துச்சுங்ணா. அதைச் சொன்னாத்தான் மிச்சம் புரியும்.

நாள் தள்ளிப் போச்சு. மொத மாசம் அவ சொல்லலை, ரெண்டாவது மாசம் அம்மாகிட்டச் சொல்லிட்டா. அம்மாளுக்குத் தலைகால் புரியலை. கல்யாணம் ஆயி ஒரு வருசம் ஆகலை, பொண்ணு குளிக்காம இருக்கறா, தலை சுத்துது, வாந்தி வருது. வேற என்னவா இருக்கும்? யாரா இருந்தாலும் அப்படித்தானுங்ளே நெனைப்பாங்க? ஒரு டாக்டரு வேண்டாம், பரிசோதனை வேண்டாம். தெரு முழுக்கச் சொல்லியாச்சு. மருமவ விசேசமா இருக்கறான்னு. மூலனூர்ல இருந்து மாமனாரு மாமியாரு பழக்கூடையும் பூவுமா வந்து எறங்கிட்டாங்க. நான் கம்பெனி பூரா லட்டுக் குடுத்தேன். ஓனரு கையைப் புடிச்சுக் குலுக்குனாரு.

நானும் எறங்கி வந்தேனுங்ணா. புள்ளைக்காக. என்ற கொழந்தைக்கு இல்லாத சோறான்னு சொல்லி, எல்லாத்தையும் நிறுத்திட்டேன். நாரு வேண்டாம், கொள்ளுத்தண்ணி வேண்டாம், உப்புப் போட்டே ஆக்குங்கன்னேன். அவ திங்கறா, திங்கறா, அப்படித் திங்கறா. அம்மா ஆக்கிப் போடறதும் அவ தட்டை வழிக்கறதும். ஒரு நாளு அரிசிம்பருப்பு ஆக்கி, மறுக்கா ஒரே தட்டுல சாப்பிட்டோம். சாப்பிட்டுட்டு என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டு, ‘இந்தப் புள்ளை நல்ல புள்ளைங்க, வர்றதுக்கு முன்னாலயே அம்மாளுக்குச் சோறு போடுது’ன்னா. எனக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சு. மறுநாள் பாத்திரம் கழுவறப்பப் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு.

அப்பறந்தான் பேறுகாலத்துக்குப் பேரு பதியோணுமுன்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல ஒண்ணுமில்லை.

ஒண்ணுமே இல்லீங்ணா. அந்த லேடி டாக்டரு அவளைத் தனியா உக்கார வெச்சு என்னென்னமோ கேட்டுட்டு, என்னைக் கூப்பிட்டாங்க. ‘இந்தப் பொண்ணு சாப்பாடே இல்லாம கெடந்திருக்குது. ஒடம்பு தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக மாசவெலக்கை நிறுத்தி வெச்சிருக்குது. ரத்தத்துல உப்பும் கொறைவா இருக்குது. நீங்க என்ன பண்ணுனீங்க?’ன்னு. நான் ஒளிக்கலை, செல்லுலைட்டுன்னு விவரமாச் சொன்னேன். போட்டோவையும் காட்டுனேன். அந்தம்மா போட்டோவைப் பாக்கவே இல்லை. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, ‘எனக்கும் இருக்குது. என்ற பொண்ணுக்கும் இருக்குது. பொம்பளைத் தோலு அப்படித்தான் தம்பி. நடக்கட்டும், காய்கறி திங்கட்டும், எண்ணெயைக் கொறைச்சுக்கட்டும், எல்லாம் நல்லதுதான். ஆனா வயித்துக்குச் சோறு போடோணும். பட்டினி போட்டு இளைச்சா தோலு தொங்கி இன்னும் நல்லாத்தான் தெரியும். இது நோவு இல்லை. நீங்க பண்றதுதான் நோவு’ன்னு சொன்னாங்க. ஒரு டாக்டரு இப்படிப் பேசலாமுங்ளா? தன்ற ஒடம்பைப் பத்தி ஒரு வெளியாளுகிட்ட? எனக்கே கூச்சமாப் போச்சு.

வீட்டுக்கு வந்தா, அம்மா ஒப்பாரி. ஊரு பூராச் சொல்லிட்டேனே, இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்னு. புள்ளைன்னு சொல்லிச் சொல்லியே தின்னாளேன்னு கோகிலாவைத் திட்டுச்சு. அது வரைக்கும் அவளுக்கு உருண்டை உருட்டிக் குடுத்ததே அதுதான். கோகிலா மூலையில உக்காந்துட்டா. வயித்து மேல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தா, அந்தக் கையை எடுக்கவே இல்லை. நான் போயி பக்கத்துல உக்காந்து, போச்சாது விடு, அடுத்தாப்ல பாத்துக்கலாம்னேன். தலையை ஆட்டுனா. அன்னிக்கு ராத்திரி சோத்தைப் போட்டுக் குடுத்தா, தட்டைத் தள்ளி வெச்சுட்டு என்னைப் பாக்கறா.

நான் என்னங்ணா சொல்லட்டும்? புள்ளைக்காகத்தான் விட்டுக் குடுத்தேன். புள்ளையே இல்லைன்னா அப்பறம் சோறெதுக்கு? பழையபடி ஆரம்பிக்கலாமான்னு கேட்டேன். செரிங்கன்னா. அவ வாயாலதான் சொன்னா. யாரும் கட்டாயப்படுத்தலை.

அதுக்கப்பறம் அவளுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. பாதி வாழப்பழமுன்னா அதுலயும் பாதியை வெச்சுருவா. மொழங்கை முட்டியெல்லாம் துருத்திட்டு வந்துருச்சு. தலைமுடி சீப்போட வருது. நான் லைட்டைப் போட்டுப் பாத்தா, அந்த டாக்டரம்மா வாய் வெச்ச மாதிரியே, தோலு தொளதொளன்னு தொங்கி, குழியெல்லாம் முன்னைவிடப் பளிச்சுனு தெரியுது. எனக்கு அழுவாச்சியா வந்துருச்சுங்ணா. இவ்வளவு பண்ணியும் போகலையேன்னு. அவதான் என்னைச் சமாதானப்படுத்துனா. ‘நான் இன்னும் கொறைச்சுக்கறேனுங்க, நீங்க வெசனப்படாதீங்க’ன்னா. அப்படிப்பட்ட பொண்ணுங்ணா அவ.

அப்பத்தான் ஆடி வந்துச்சு. மாமியாரு வந்து கூட்டிட்டுப் போனாங்க. போனதும் எண்ணெய் தேய்ச்சுத் தண்ணி வார்த்திருக்கறாங்க. துணியை எடுத்ததும் அந்தம்மா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்களாமா. அன்னிக்கு ஆரம்பிச்சுது சண்டை.

ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் கட்டுச்சோத்தைக் கட்டிக்கிட்டு அமராவதி ஆத்துக்குப் போயிருக்கறாங்க. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறுன்னு எல்லாரும் சாப்பிடறாங்க. இவ மட்டும் தொடலை. நான் சொல்லி அனுப்புன மாதிரி தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கறா. அங்கயே வலிப்பு வந்து விழுந்துட்டா. பேயின்னு சொல்லி கையில சாவிக்கொத்தைத் திணிச்சிருக்கறாங்க. அப்பறம் ஆசுபத்திரி. ஒடம்புல உப்பே இல்லை, தண்ணி அதிகமாப் போயி மூளை வீங்கிருச்சுன்னு சொல்லி, ஊசி வழியா உப்புத்தண்ணி ஏத்தியிருக்கறாங்க. மச்சினன் எனக்குப் போன் பண்ணிக் கத்தறான், ஒடம்புல உப்பே இல்லைடா உப்பே இல்லைடான்னு. எனக்கு ஒண்ணும் புரியலீங்ணா. உப்பு எறங்கோணுமுன்னுதானே இத்தனை நாளாப் பாடுபட்டோம்? எறங்கிருக்குது. அதை நல்ல விதமா எடுத்துக்கத் தெரியலை அவங்களுக்கு.

நான் கல்லு மனசுக்காரனில்லை. அவ விழுந்துட்டான்னு கேட்டதும் ரெண்டு நாளு எனக்குத் தூக்கமில்லை. அவளில்லாம வீடு வீடாவே இல்லை. காத்தால எந்திரிச்சா கை பூசணியைத் தேடுது. யாருக்கு அரைக்கறது?

மறுக்கா வலிப்பு வந்தா எந்திரிக்க மாட்டா, உப்புப் போட்ட கஞ்சியாச்சும் உள்ள போயே ஆகோணுமுன்னு அந்த ஊரு டாக்டரு சொல்லியிருக்கறாராமா. ஆனா அவ வாயைத் தொறக்கறதில்லை. அண்ணன் கெஞ்சிப் பாத்தான், அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுப் பாத்தாரு. ‘அவரு சொல்லட்டும்’ அப்படிங்கற ஒரே வார்த்தைதான். ஒடம்பொறந்தவனைவிட, பெத்தவங்களைவிட, நாந்தான் அவளுக்குப் பெருசு. இதுக்கு மேல ஒரு புருசனுக்கு என்னங்ணா வேணும்?

ஏனுங்ணா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? முறுக்கை வேற உள்ள வெச்சுட்டீங்க.

இருங்க, போன் வருது. அத்தைதான். சித்த இருங்ணா.

அலோ... சொல்லுங்கத்தை. குண்டடம் தாண்டியாச்சு... வந்துக்கிட்டேதான் இருக்கறேன்... அழுவாதீங்க, அழுதா எனக்கு எப்படிக் கேக்கும்... மறுக்கா வந்துருச்சா? எப்ப?... செரி... செரி, அவகிட்டக் குடுங்க. காதுல வெச்சு விடுங்க.

கோகிலா... நாந்தாஞ்சாமி. கொரலே வர மாட்டேங்குதே... வந்துக்கிட்டே இருக்கறேன். ஒரு மணி நேரம், வந்துருவேன்... ஆமா, கோவமில்லை. யாரு சொன்னா கோவமுன்னு... என்ன வெச்சிருக்குது அம்மா கையில? கஞ்சியா?... சாப்பிடு. நான் சொல்றேன், சாப்பிடு கண்ணு... எவ்வளவா? இரு, ஒரே நாள்ல நெறையப் போகக் கூடாது... மூணு கரண்டி. மூணு கரண்டி சாப்பிடு, மிச்சத்தை நான் வந்து பாத்துக்கறேன்... ம், சாப்பிடு, நான் லைன்லயே இருக்கறேன்.

சாப்பிடறாங்ணா. கேக்குது, கரண்டிச் சத்தம் கேக்குது. மாமியாரு சாமியெல்லாம் கும்பிடறாங்க.

கோகிலா... எப்படி இருக்குது?... என்னது? உப்புக் கரிக்குதா?... உப்புப் போட்டிருக்குதா அதுல? அம்மாகிட்டக் குடு... அத்தை, என்னங்கத்தை இது, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமில்ல... டாக்டரு ஊருக்குப் பொதுவாச் சொல்லுவாரு, என்ற பொண்டாட்டிக்கு என்ன ஆகும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அதை அப்பிடியே கீழ ஊத்திட்டு, உப்பில்லாம வேற காச்சுங்க. நான் வர்றதுக்குள்ள காச்சி வெச்சிருங்க, நானே ஊட்டி விடறேன்... என்ன?... அலோ... அத்தை...

வெச்சுட்டாங்க. என்ன சொன்னாங்க தெரியுமுங்ளா? நான் பேசுனது அவளுக்குக் கேட்டிருச்சாமா. வாயில இருந்ததை அப்படியே துப்பிட்டாளாமா. முழுங்குனதையும் விரலை விட்டு எடுத்துட்டாளாமா. அவங்க அண்ணன் கையைப் புடிச்சும் நிறுத்த முடியலையாமா. அத்தனை பேரு சுத்தி நிக்கறாங்க, நான் எங்கயோ பஸ்ஸுல உக்காந்திருக்கறேன், என்ற பேச்சைத் தட்ட மாட்டேங்கறா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு கெடைக்குமுங்ளா?

என்னுங்ணா? போனா? எதுக்கு உங்களுக்கு? நீங்க பேசறீங்ளா, அவகிட்ட? என்னன்னு பேசுவீங்க? நான் சொல்றதா நீங்க சொல்றீங்ளா? அதெல்லாம் நடக்காதுங்ணா, என்ற கொரலு அவளுக்குத் தெரியும்... ஏன் எந்திரிச்சுட்டீங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? கண்டக்டரைக் கூப்பிடட்டுங்ளா? இந்தாங்க, தண்ணி குடிங்க.

அட, கையை விடுங்ணா. எல்லாரும் பாக்கறாங்க. போன் கீழ விழுந்துரும்.